ரீல் பெரிசா இருந்தா மீன் பெரிசா சிக்குமா? கடல் தூண்டிலுக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு!

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். கோமதி அம்மன் நினைவுக்கு வருவாள். சாப்பாட்டுப் பிரியர்களுக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். கடல் மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. வரவும் நியாயமில்லை. கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆகிவிடும்.

ஆனால், தூண்டில் ஆசைக்குத் தூரம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் பெருகினால், கரையோரத்தில் விராலுக்கும் கெளுத்திக்கும் காத்திருக்கும் கூட்டம் தென்மாவட்டங்களில் எப்போதும் உண்டு. மூங்கில் கம்பில் தங்கூசி கட்டிய காலம் போய், இப்போது பலர் கையில் ஃபைபர் ராடும் ரீலும் வந்துவிட்டன. குளத்தில் கை பழகியதும் அடுத்த ஆசை, 'ஒரு தடவை கடலுக்குப் போய்ப் பெரிய மீன் பிடிக்கணும்' என்பதுதான்.

அங்கேதான் முதல் சந்தேகம் முளைக்கிறது. எத்தனாம் நம்பர் ரீல் வாங்குவது?

செல்போனில் தேடினால் அமெரிக்க வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கும். ஏரியில் படகை ஓட்டிக்கொண்டே, பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று, 'மஸ்கி' என்ற பூதாகரமான மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். 'இந்த ரீல்தான் பெஸ்ட்' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு ஆர்டர் போட்டுவிட்டால், தூத்துக்குடிக் கடலில் ஏமாற வாய்ப்பு அதிகம். ரீல் மட்டமானது என்பதல்ல காரணம். அந்த மீன் வேறு, நம் மீன் வேறு!

மஸ்கிக்கு ஏன் அந்த ரீல்?

படகு ஓட ஓட இரையைப் பின்னால் இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்குப் பெயர் ட்ரோலிங். கடலிலும் செய்யலாம், ஏரியிலும் செய்யலாம்.

மஸ்கி என்கிற மஸ்கெலஞ்ச், வட அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். முதலை போல நீண்ட வாய், வாய் நிறையப் பற்கள். விஸ்கான்சின் மாகாணத்தின் மாநில மீனும் இதுதான். 1949-ல் அந்த மாகாணத்தில் பிடிபட்ட மஸ்கியின் எடை 67 பவுண்டு 8 அவுன்ஸ். அதாவது, 30 கிலோவுக்கும் மேல். சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கம் இதைத்தான் உலக சாதனையாக வைத்திருக்கிறது. 'பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று கிடைக்கும்' என்பது இந்த மீனைப் பற்றி அங்கே புழங்கும் பேச்சு.

இவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் மஸ்கி வெகுதூரம் ஓடாது. படகுக்குப் பக்கத்திலேயே புரளும், தலையை உதறும், தண்ணீருக்கு மேலே எகிறும். சண்டை பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும். அதனால் மஸ்கி ரீலுக்கு முந்நூறு, நானூறு மீட்டர் நூல் அவசியமில்லை. அவர்களுடைய கவலை வேறு. ஒரு சாண் நீளத்துக்கும் அதிகமான பெரிய செயற்கை இரையை மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கும்போது, தண்ணீரின் எதிர்ப்பே மீன் கடித்தது போல ரீலை உலுக்கும். அந்த இழுவையைத் தாங்க உறுதியான பல்சக்கரம் வேண்டும். ஏரியடியில் இருக்கும் பாசிப் புதருக்குள் மீன் நுழையாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

எத்தனை அடி நூல் வெளியே போயிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் 'லைன் கவுன்ட்டர்' ரீல்களை மஸ்கிக்காரர்கள் விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது. நூலின் நீளம் மாறினால் இரை போகும் ஆழமும் மாறும். ஒரு ஆழத்தில் மீன் கடித்தால், அடுத்த முறையும் அதே ஆழத்துக்கு இரையை அனுப்ப அந்த எண் உதவுகிறது.

சீலாவின் முதல் ஓட்டம்

இப்போது நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் ட்ரோலிங் தூண்டிலுக்குச் சிக்கும் மீன்களில் ராஜா, சீலா. சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். வஞ்சிர வகைகளில் பெரியதான இந்த இனம் 2 மீட்டருக்கு மேல், 70 கிலோ வரைகூட வளரக்கூடியது. தூண்டிலில் வழக்கமாகச் சிக்குபவை சில கிலோ எடையுள்ளவைதான். ஆனால், 10 கிலோவைத் தாண்டிய ஒன்று எப்போது கடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சீலாவின் உடலைப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். ஊசி போல மெலிந்த உடல், பிறை நிலா மாதிரி வால். ஓடுவதற்கென்றே பிறந்த மீன். முள் குத்திய அடுத்த நொடி அது பாய்கிற பாய்ச்சலில் நூறு மீட்டர் நூல் ஒரே மூச்சில் போய்விடலாம். பாசிக்குள் போய் ஒளியாது, படகடியில் நின்று மல்லுக்கட்டாது. ஓடும், அவ்வளவுதான்.

ஆக, மஸ்கி ரீலுக்குத் தேவை இழுக்கும் பலம். சீலா ரீலுக்குத் தேவை, மீன் ஓடும்போது விட்டுக்கொடுக்க நூலும், சீராக விட்டுக்கொடுக்கும் பக்குவமும். அளவு என்கிற விஷயம் இங்கேதான் வருகிறது.

ஒரு விசைத்தறிக்காரரின் கணக்கு

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், தூத்துக்குடிக் கடலுக்குப் போக முதன்முதலாக ரீல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரீலிலிருந்து கணக்கை ஆரம்பிக்கக் கூடாது. மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

*மீன்:* சீலா. 3 கிலோவும் வரலாம், 12 கிலோவும் வரலாம்.

*நரம்பு:* இதற்கு 30 பவுண்டு நைலான் நரம்பு போதும். அதாவது 13.6 கிலோ வரை தாங்குவது. தடிமன் சுமார் 0.55 மில்லிமீட்டர் இருக்கும். சீலாவின் பல் கத்தரிக்கோல் மாதிரி. அதனால் முள்ளுக்கு முன்னால் ஒரு துண்டு ஸ்டீல் வயர் கட்டாயம்.

*நீளம்:* இரை படகுக்குப் பின்னால் 40 மீட்டர் தள்ளி வருகிறது. மீன் 100 மீட்டர் ஓடுகிறது. படகைத் திருப்பும் நேரத்தில் இன்னொரு 50 மீட்டர் போகலாம். அப்போதும் ஸ்பூலில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். ஆகமொத்தம் 300 மீட்டர்.

இனி கடையில் இருக்கும் ரீலைக் கையில் எடுக்கலாம். ஸ்பூலின் ஓரத்தில் '0.40 – 200' என்று அச்சிட்டிருக்கிறது. 0.40 மில்லிமீட்டர் நரம்பை 200 மீட்டர் சுற்றலாம் என்று அர்த்தம். '200 மீட்டர் பிடிக்குதே, கிட்டத்தட்ட போதும்' என்று தோன்றும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

நரம்பின் தடிமன் இரண்டு மடங்கானால், ஸ்பூல் பிடிக்கும் நீளம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். நீளம் தடிமனின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். அந்தக் கணக்குப்படி, 0.40 நரம்பு 200 மீட்டர் பிடிக்கும் ஸ்பூலில் 0.55 நரம்பு வெறும் 105 மீட்டர்தான் ஏறும். 40 மீட்டர் ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிறது. மிச்சம் 65 மீட்டர். சீலாவின் முதல் ஓட்டத்துக்கே அது பற்றாது!

0.55 நரம்பை 300 மீட்டர் சுற்ற வேண்டுமென்றால், 0.40 நரம்பு சுமார் 570 மீட்டர் பிடிக்கும் ஸ்பூல் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சில ரீல்களில் மில்லிமீட்டர், மீட்டருக்குப் பதிலாகப் பவுண்டும் கெஜமும் போட்டிருப்பார்கள். '30/300' என்றால் 30 பவுண்டு நரம்பு 300 கெஜம். 300 கெஜம் என்பது 274 மீட்டர்தான்.

ஸ்பூல் காலியாகக் காலியாக...

'நூல் தீர்ந்தால்தானே பிரச்னை? தீரும் முன் மீனைத் திருப்பிவிட்டால் போச்சு' என்று கேட்கலாம். நூல் தீரும் வரை அறுபடாமல் இருந்தால் அல்லவா?

ரீலுக்குள் இருக்கும் பிரேக்குக்கு டிராக் என்று பெயர். நாம் வைத்த அளவுக்கு மேல் மீன் இழுத்தால், ஸ்பூல் வழுக்கிச் சுழன்று நூலை விடும். நூல் அறாமல் காப்பது இதுதான். இதை நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 13.6 கிலோ நரம்புக்கு மூன்றரை முதல் நாலரை கிலோ. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பழைய பேப்பர் வாங்குபவர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். நூல் நுனியைக் கொக்கியில் கட்டி இழுக்க வேண்டும். ஸ்பூல் எந்த எடையில் வழுக்க ஆரம்பிக்கிறதோ, அதுதான் டிராக்.

ஆனால், கரையில் அளந்த இந்த எண் கடலில் அப்படியே நிற்காது. நூல் போகப் போக ஸ்பூலில் இருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் குறைந்தால், அதே பிரேக்கை வழுக்க வைக்க மீன் அதிக பலத்தில் இழுக்க வேண்டும்.

சிறிய ரீலில் நூல் நிறைந்திருக்கும்போது விட்டம் 8 சென்டிமீட்டர், மீன் ஓடியபின் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 கிலோவாக வைத்த டிராக் தானாகவே 8 கிலோவாக ஏறிவிடும். முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் ஏற்கெனவே குறைவு. அதோடு நூறு மீட்டர் நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற இழுவையும் சேர்கிறது. எங்கே அறும் என்பதுதான் கேள்வி, அறுமா என்பதல்ல.

பெரிய ரீலில் அதே நீளம் போனாலும் விட்டம் 9-லிருந்து 7-க்குத்தான் இறங்குகிறது என்றால், 4 கிலோ டிராக் 5 கிலோவைச் சற்றே தாண்டும். நரம்பு தாங்கிக்கொள்ளும்.

தறிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பாவு உருளையில் நூல் குறையக் குறைய இழுவை மாறும், அதைச் சரிசெய்யாவிட்டால் பாவு அறும் என்பது அவர்கள் தினம் பார்ப்பது. தார்க்குச்சியில் நூலை ஒழுங்காகச் சுற்றாவிட்டால் ஓட்டத்தில் சிக்கி அறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரீலும் அப்படித்தான். நூல் ஒரே பக்கம் குவிந்தால், மீன் ஓடும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

பிரெய்டு போட்டால் சின்ன ரீல் போதுமா?

போதும், ஆனால் நிபந்தனையோடு.

இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்டு நூல், அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியது. 50 பவுண்டு பிரெய்டின் தடிமன் சுமார் 0.36 மில்லிமீட்டர்தான். மேலே பார்த்த, 105 மீட்டர் நரம்பு மட்டுமே பிடித்த அதே சின்ன ரீலில் இது கிட்டத்தட்ட 245 மீட்டர் ஏறும்.

பிரெய்டின் குறை, அது நீளாது என்பது. நைலான் ரப்பர் போலக் கொஞ்சம் நீண்டுகொடுத்து, சீலாவின் முதல் உதறலை வாங்கிக்கொள்ளும். பிரெய்டில் அந்த அதிர்ச்சி நேராக முள்ளுக்குப் போய், மீனின் வாய் கிழிந்து முள் கழன்றுவிடலாம். அதனால் முன்னால் சில மீட்டர் கனமான நைலான் நரம்பைக் கட்டிக்கொள்வது நல்லது. வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் பிரெய்டு மொத்தமாக வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு சுற்ற வேண்டும். இன்னொன்று, ஓடுகிற பிரெய்டை வெறும் கையால் பிடிக்கவே கூடாது. சதையை அறுத்துவிடும்.

சரி, எந்த நம்பர்?

ரீல் நம்பருக்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 4000, இன்னொரு கம்பெனியின் 5000-க்குச் சமமாக இருக்கலாம். சைக்கிள் கியரில் நமக்குப் பழக்கமான ஷிமானோவின் 'டெகோட்டா' ட்ரோலிங் ரீல்களில் 500, 600 என்று நம்பர் வரும். பென் கம்பெனியின் ட்ரோலிங் ரீல்களில் 20, 30 என்று வரும். 500 என்பதால் அது 30-ஐவிடப் பெரியது என்று நினைத்தால் தப்பு. ஸ்பூலில் அச்சிட்டிருக்கும் நூல் கணக்கு மட்டும்தான் பேசும்.

அதை மனதில் வைத்துக்கொண்டு, நம் தறிக்காரருக்கு இப்படிச் சொல்லலாம்:

● 30 பவுண்டு நைலான் நரம்புதான் என்றால், ராடின் மேல் உட்காரும் ட்ரோலிங் ரீலில் 30 அளவு.

● 50 பவுண்டு பிரெய்டு என்றால் அதில் 20 அளவு போதும்.

● ராடின் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல்தான் கைக்குப் பழக்கம் என்றால், 6000 முதல் 8000 வரை.

● குளத்தில் விராலுக்கு வைத்திருக்கும் 2500, 3000 ரீலைக் கடல் ட்ரோலிங்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.

● பெரிய சூரை, மயில்மீன் போன்றவற்றுக்கான 50, 80 ரீல்களும் வேண்டாம். கனமும் விலையும் கூடும், சீலாவுக்கு அது தேவையும் இல்லை.

கியர் விகிதத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். 4:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் நாலு சுற்று. இழுக்கும் பலம் அதிகம், மஸ்கிக்கு அது பொருந்தும். 6:1 என்றால் வேகம் அதிகம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூலில், 4:1 ஒரு சுற்றுக்கு 63 சென்டிமீட்டர் நூலை இழுக்கும், 6:1 இழுப்பது 94 சென்டிமீட்டர். ஓடிய சீலா திடீரெனத் திரும்பிப் படகை நோக்கி வரும். அப்போது நூல் தொய்ந்தால் முள் கழன்றுவிடும். அதனால் சீலாவுக்குக் கொஞ்சம் வேகமான ரீல் கைகொடுக்கும்.

லைன் கவுன்ட்டர்? இருந்தால் வசதி, இல்லாவிட்டால் நஷ்டமில்லை. நூலில் பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் கலர் நூலால் சின்னக் கட்டுப் போட்டுக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

ரீல் மட்டும் போதாது

வாங்கிய ரீலோடு மறுநாளே கிளம்பிவிட முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்பிடிப் படகில் வெளியாட்களை ஏற்றக் கட்டுப்பாடுகள் இருப்பதால், அனுமதி உள்ள படகா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடி முதல் பாம்பன் வரை இருக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது. லைஃப் ஜாக்கெட், வானிலை எச்சரிக்கை இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, உலர்த்தி, டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அழுந்திப்போய், அடுத்த முறை டிராக் விட்டுவிட்டு இழுக்கும். உப்பைக் கழுவாமல் பெட்டியில் போட்டால், எவ்வளவு விலை கொடுத்த ரீலும் துருப்பிடித்துப் போகும். அறுந்த நரம்பைக் கடலில் போட்டுவிட்டு வரக் கூடாது. நைலான் மட்காது. பறவையின் காலிலோ ஆமையின் கழுத்திலோ போய்ச் சுற்றிக்கொள்ளும்.

தவறான ரீலின் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை. நண்பர்கள் பணம் போட்டுப் படகு பிடித்து, விடியும் முன் எழுந்து நூறு கிலோமீட்டர் போய், நாள் முழுக்க வெயிலில் காத்திருந்து, கிடைப்பது ஒரே ஒரு கடியாக இருக்கலாம். அந்த ஒரு கடியில் நூல் அறுந்தால், வாயில் முள்ளும் பின்னால் நூறு மீட்டர் நரம்புமாக ஒரு மீன் கடலுக்குள் போகிறது. அது பிழைப்பதும் கஷ்டம், நமக்குக் கிடைப்பதுமில்லை.

கடலோரத்தில் ரீலே இல்லாமல் வெறும் கையால் ஓடும் தூண்டில் போட்டுச் சீலா பிடிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். விரலை நரம்பு அறுக்காமலிருக்க ரப்பர் துண்டை மாட்டிக்கொண்டு, மீன் இழுத்தால் விடுவார்கள், அது ஓய்ந்தால் இழுப்பார்கள். எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கை செய்கிற வேலையைத்தான் ரீலுக்குள் இருக்கும் ஸ்பூலும் டிராக்கும் செய்கின்றன.

அதனால் ரீல் வாங்கும் முன், கடைக்காரரிடம் 'எது பெருசு?' என்று கேட்பதைவிட, படகுக்காரரிடம் 'இங்கே மீன் எவ்வளவு தூரம் ஓடும் அண்ணாச்சி?' என்று கேட்பது நல்லது. அவர் சொல்லும் பதிலில்தான் ரீலின் நம்பர் இருக்கிறது.